சாலைப் பாதுகாப்பு: மூன்றாண்டுத் திட்டத்துக்கும் நிதிக்கும் கருத்துகள் தேவை

வரைவாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஓர் உள்ளாட்சி அமைப்பின் சாலைப் பாதுகாப்புக் குழுவில் நான் உறுப்பினர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான திட்ட வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பது ஒருமுறை மட்டும் வழங்கப்படும் ஒரு சிறப்பு நிதி. மூன்றாண்டு முடிந்தபின் இது மீண்டும் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காவல்துறைப் பதிவேட்டிலிருந்து எடுத்த 14 விபத்துக் கரும்புள்ளிகளின், அதாவது விபத்து மிகுதியாக நடந்த இடங்களின், பட்டியல் ஒன்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். குழுக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகள் வலுவாக எழுந்தன: முதன்மைச் சாலையின் குறுக்கே ஒரு நடைமேம்பாலம், எல்லாச் சந்திப்புகளிலும் கேமரா, பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் புதிய சிக்னல். இம்மூன்றையும் செய்தாலே நிதி முழுவதும் தீர்ந்துவிடும்.

என் ஐயங்கள் இரண்டு. இந்தப் பட்டியலை அப்படியே நம்பித் திட்டமிடலாமா? மூன்றாண்டுக்குப் பிறகான செலவுக்கு வழி சொல்லாத ஒரு திட்டத்தைத் திட்டம் என்று அழைக்க முடியுமா? இத்துறையில் வேலை பார்த்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

பழைய பொறியாளர்:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்குக் கணக்குத் தெரிந்தவர்கள் வரட்டும். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

எந்த இடம் என்று கேட்பதற்கு முன், அங்கே என்ன வேகம், யார் யார் அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு காரின் முன்னால் ஒரு குழந்தை ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் அதைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒரு நொடி பிடிக்கிறது. அதற்குள் வண்டி 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்பதற்கு இன்னும் 5 மீட்டர். ஆக, 13 மீட்டர் சொச்சத்தில் வண்டி நின்றுவிடும். அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் போய்விடுகிறது. முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் அடையும்போது அதன் பிரேக் வேலை செய்யவே தொடங்கியிருக்காது; குழந்தையின் மீது முழு வேகத்தில் மோதும். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். வரைபடம் காட்டியபோது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவந்து பார்த்தார்கள்.

சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகள் சுமார் 4 விழுக்காடு கூடும் என்பது ஸ்வீடனைச் சேர்ந்த யோரன் நில்சன் வகுத்த தொடர்பு. உலக சுகாதார அமைப்பும் அதையே எடுத்தாள்கிறது. எனவே வேகத்தைக் குறைக்கும் சின்னச் சின்ன வேலைகளை, அதாவது சாலையைக் குறுக்குதல், மேடுயர்த்திய பாதசாரிக் கடவை, சந்திப்பு முனைகளின் வளைவை இறுக்குதல் போன்றவற்றை, முதலில் வையுங்கள்.

நடைமேம்பாலத்தைப் பற்றி என் கருத்து கசப்பானது. நான் பணியில் இருந்தபோது கட்டப்பட்ட ஒன்றை, திறந்து சில மாதங்கள் கழித்துப் பார்க்கப் போனேன். ஏற 42 படி, இறங்க 42 படி. கீழே மையத்தடுப்பின் கம்பிகளில் இரண்டை யாரோ அறுத்து வளைத்திருந்தார்கள்; அந்த இடைவெளியின் இருபுறமும் கம்பி, கை பட்டுப் பட்டுப் பளபளவென்று மின்னியது. பாலத்தின் கைப்பிடியில் தூசி. மக்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கெடுப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

புள்ளியியல் மாணவி:

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கரும்புள்ளிப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. திட்டம் தொடங்கும் முன்பே அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மூன்றாண்டு முடிவில் நீங்கள் எழுதும் சாதனை அறிக்கை பொய்யாகிவிடும், அது பொய் என்பது உங்களுக்கே தெரியாமலும் போகும்.

200 பேரைக் கூட்டி ஆளுக்கொரு முறை பகடை உருட்டச் சொல்லுங்கள். ஆறு விழுந்தவர்களைத் தனியே பிரித்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மீண்டும் உருட்டச் சொல்லுங்கள். இரண்டாம் முறை அவர்களுடைய சராசரி மூன்றரைக்கு அருகில் வந்துவிடும். துணி கட்டியதால் எண் குறைந்தது என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் கடந்த ஆண்டு விபத்து மிகுதியாக நடந்த 14 இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே சிக்னல் வைத்து, அடுத்த ஆண்டு விபத்து குறைந்தால், சிக்னலால் குறைந்தது என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரு சந்திப்பில் ஓர் ஆண்டில் நடக்கும் விபத்துகள் சிறிய எண்ணிக்கை. அது தற்செயலாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருந்தபோது பிடித்துக்கொண்ட இடம், எதுவும் செய்யாவிட்டாலும் சராசரியை நோக்கித் திரும்பும்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. மூன்று முதல் ஐந்து ஆண்டுத் தரவைப் பாருங்கள். ஒத்த போக்குவரத்தும் ஒத்த அமைப்பும் கொண்ட, வேலை எதுவும் செய்யாத இடங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீட்டுக்கான செலவைத் திட்டத்திலேயே முதல் நாளன்று எழுதிவிடுங்கள். கடைசியில் மிச்சப்படும் பணத்தில் மதிப்பீடு செய்யலாம் என்று விட்டால் மிச்சம் என்று எதுவும் இருக்காது.

பழைய பொறியாளர்:

மாணவி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் காலத்தில் நாங்களே இப்படி எத்தனையோ 'வெற்றி'களை எழுதியிருக்கிறோம். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கரும்புள்ளியே பொய் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. சில இடங்கள் உண்மையிலேயே மோசமாக அமைக்கப்பட்டவை. நேரில் போய் ஒரு மணி நேரம் நின்றாலே தெரிந்துவிடும். நான் எச்சரிப்பது, முழுப் பணத்தையும் புள்ளிகளில் கொட்டுவதைப் பற்றி. பெருவாரியான மரணங்கள் பட்டியலில் வராத இடங்களில், சாலை நெடுகச் சிதறி நடக்கின்றன. அவற்றுக்கு இடம் பார்த்து வைத்தியம் செய்ய முடியாது. வகை பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

ஸ்வீடனில் செய்ததைப் பாருங்கள். 13 மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலைகளில் நேருக்கு நேர் மோதல்கள் ஏராளம். நான்குவழிச் சாலையாக அகலப்படுத்தப் பணம் போதாது. இருந்த அகலத்துக்குள்ளேயே மூன்று தடங்களைக் கோடிட்டு, நடுத்தடத்தைச் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நடுவே எஃகு வடத் தடுப்பை இழுத்துக் கட்டினார்கள். 1998இல் முதல் சாலை. இன்று அதை 'இரண்டு கூட்டல் ஒன்று' சாலை என்கிறார்கள். அவ்வகைச் சாலைகளில் உயிரிழப்பு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது. எந்தப் புள்ளியில் விபத்து நடந்தது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை. எந்த வகைச் சாலை கொல்கிறது என்று பார்த்தார்கள்.

சாலையை நட்சத்திரம் இட்டு மதிப்பிடும் ஐராப் முறையும் இதே வழியில்தான் போகிறது. விபத்து நடக்கும்வரை காத்திராமல், தடுப்பு உண்டா, ஓரத்தில் மரம் நிற்கிறதா, நடைபாதை உண்டா, என்ன வேகம் என்று நூறு நூறு மீட்டராகப் பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். 2017இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஒத்துக்கொண்ட 12 சாலைப் பாதுகாப்பு இலக்குகளில், 2030க்குள் புதிய சாலைகள் அனைத்தும் பாதுகாப்புத் தரங்களை எட்ட வேண்டும், அல்லது குறைந்தது மூன்று நட்சத்திரம் பெற வேண்டும் என்பதும் ஒன்று.

அவசரப்பிரிவு மருத்துவர்:

காவல்துறைப் பதிவேடு ஒன்றை மட்டும் வைத்துத் திட்டமிடுவதை நான் ஏற்கமாட்டேன். தனியாக வழுக்கி விழுந்த சைக்கிளோட்டி, இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து அண்டைவீட்டார் தூக்கிவந்த முதியவர், மோதிய வண்டி நிற்காமல் போனதால் வழக்கே வேண்டாம் என்று வீடு திரும்பியவர், இவர்கள் யாரும் அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. எங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். ஆனால் அதில் இடம் எழுதும் கட்டத்தில் 'சாலை விபத்து' என்று மட்டும் இருக்கும். எந்தச் சாலை என்று இருக்காது. அந்த ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப இரவுப் பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். சில மாதங்களிலேயே ஒரு பேருந்து நிறுத்தத்தின் முன்னால் இருந்த மழைநீர் வாய்க்கால் மூடி எத்தனை பேரின் காலை முறித்திருக்கிறது என்று தெரிந்தது. அந்த இடம் எந்தக் கரும்புள்ளிப் பட்டியலிலும் இல்லை.

இறப்பை மட்டும் எண்ணாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் இறந்தார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதற்காரணம் இதுதான். காயமுற்று உயிர் பிழைத்தவர்களோ இதைப் போலப் பல மடங்கு. இருபத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவருக்கு அடுத்த நாற்பது ஆண்டுகள் ஆகும் செலவை எந்தச் சாலைத் துறையும் தன் கணக்கில் எழுதுவதில்லை.

தணிக்கைக் கணக்கர்:

மருத்துவரின் கடைசி வரியில்தான் வரைவாளர் அம்மாவின் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பொதுக் கணக்குகளைப் பார்த்துவந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சாலைப் பாதுகாப்புக்குப் பணம் இல்லை என்று சொல்வது பாதி உண்மைதான். பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டே இருக்கிறது: மருத்துவமனையில், காப்பீட்டில், உதவித்தொகையில், வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் வருமான இழப்பில். பெரும்பாலான நாடுகளில் விபத்துகளால் ஏற்படும் இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 விழுக்காடு என்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், விபத்தைத் தடுக்கும் செலவு ஒரு துறையின் கணக்கிலும், விபத்தால் ஆகும் செலவு வேறு நான்கைந்து கணக்குகளிலும் விழுகிறது. தடுப்புச் சுவர் கட்டும் துறைக்கு அதனால் ஒரு காசும் மிச்சமில்லை. மிச்சம் காண்பவர்களோ அதற்குப் பணம் தருவதில்லை. இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே மேசையில் வைக்காதவரை, எத்தனை உருக்கமாகப் பேசினாலும் பாதுகாப்புக்கான தொகை வரவு செலவுத் திட்டத்தில் முதலில் வெட்டப்படும் வரியாகவே இருக்கும்.

இரண்டையும் ஒரே மேசையில் வைத்த இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே 1987 முதல் அரசுக்குச் சொந்தமான விபத்து ஆணையம் ஒன்று இயங்குகிறது. ஒவ்வொரு வாகனப் பதிவுக் கட்டணத்தோடும் சேர்த்து அதற்கான தொகை வசூலாகிறது. யார் மீது தவறு என்று பாராமல் அடிபட்டவரின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் ஆணையம் பணம் தருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருவரைப் பராமரிக்கும் செலவு தன் தலையில் விழும்போது, அவர் அடிபடாமல் காப்பதற்கு இன்று செலவழிப்பது வணிகக் கணக்கிலேயே இலாபம். அதனால்தான் அந்த ஆணையம் விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்கும், காவல்துறையின் சோதனைக் கருவிகளுக்கும், சாலையோரத் தடுப்புகளுக்கும் தானே பணம் போடுகிறது. 1970இல் அம்மாநிலத்தில் சாலையில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1992இல் அது நானூறுக்கும் கீழே வந்துவிட்டது. ஆணையம் ஒன்றே இதைச் செய்தது என்று சொன்னால் மாணவி என்னைச் சும்மா விடமாட்டார். சீட் பெல்ட்டை அங்கே 1970இலேயே கட்டாயமாக்கியிருந்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுவோரைப் பிடிக்கும் திடீர்ச் சோதனையும் 1976 முதலே நடந்துவந்தது. ஆனால் அந்த முயற்சிகள் ஆண்டுக்கு ஆண்டு நிதிக்காகக் கையேந்தாமல் தொடர்ந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்பது என் துணிபு.

உள்ளாட்சியால் அப்படி ஓர் ஆணையத்தைத் தொடங்க முடியாது, தெரியும். ஆனால் கொள்கையைக் கையாளலாம்: விபத்து குறைந்தால் யாருக்கெல்லாம் செலவு குறைகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அவர்களைத் திட்டத்தின் பங்காளிகளாகச் சேருங்கள்.

சைக்கிள்காரர்:

கணக்கர் ஐயாவின் எழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் பணமாக மாற்றிப் பார்க்கும் முறை எங்களைப் போன்றவர்களுக்கு எதிராகவே முடிந்திருக்கிறது. ஒரு சாலையை அகலப்படுத்தினால் 20,000 வண்டிகளுக்கு ஆளுக்குப் பத்து நொடி மிச்சம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 55 மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகிறது என்று கணக்கு வரும். ஆண்டு முழுவதற்கும் பெருக்கி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு விலை வைத்தால், எதிர்த்தட்டில் இரண்டு மூன்று பாதசாரிகளின் உயிரை வைத்தாலும் தராசு அகலப்படுத்தும் பக்கமே சாயலாம். அந்தப் பத்து நொடியை யாராவது உணர்ந்து அனுபவித்திருக்கிறாரா?

இன்னொன்று, பயந்து கடக்காமலே விட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு சாலை மிக ஆபத்தாகிவிட்டால் குழந்தைகளைத் தனியே அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். முதியவர்கள் எதிர்ப்புறம் போவதையே விட்டுவிடுவார்கள். விபத்து எண்ணிக்கை குறையும். அந்தச் சாலை 'பாதுகாப்பானது' என்று பட்டியலிலிருந்து நீங்கும். ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற உயிரிழப்பற்ற சாலை என்ற கொள்கை எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், பயண நேரத்துக்காக உயிரை விலையாகக் கொடுக்கலாம் என்ற பேரத்தையே அது மறுக்கிறது.

தணிக்கைக் கணக்கர்:

நியாயமான கண்டனம். நேரச் சேமிப்பையும் உயிரையும் ஒரே கூட்டலில் போடும் பழக்கத்தை நானும் ஏற்கவில்லை. ஆனால் நண்பரே, இலக்கை அறம் தீர்மானித்தாலும், அதை அடையும் வழிகளில் எதை முதலில் செய்வது என்பதற்குக் கணக்கு வேண்டும். ஒரே தொகையில் ஒரு நடைமேம்பாலமா, பல பள்ளிகளின் முன் மேடுயர்த்திய கடவைகளா என்ற கேள்விக்கு அறம் மட்டும் விடை தராது. அங்கே எந்த வழியில் அதிக உயிர் பிழைக்கும் என்று எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

லாரி ஓட்டுநர்:

படித்தவர்கள் பேசும் இடம். இருந்தாலும் ஒரு வார்த்தை. கேமராவைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எங்கள் அனுபவத்தில், இறக்கம் முடியும் இடத்தில், வேக அளவுப் பலகை மரக்கிளையில் மறைந்திருக்கும் இடத்தில்தான் கேமரா வைக்கிறார்கள். அது உயிரைக் காக்கவா, கல்லாவை நிரப்பவா என்று சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால், பிறகு நியாயமான இடத்தில் வைத்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அத்தோடு, களைப்பைப் பற்றியும் திட்டத்தில் எழுதுங்கள். பதினான்கு மணி நேரம் ஓட்டியவருக்குக் கண் திறந்திருந்தாலும் சாலை தெரியாது. வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் தூங்க வெளிச்சமும் காவலும் உள்ள ஓர் இடம் இல்லாவிட்டால், அவர் ஓட்டிக்கொண்டேதான் போவார், அல்லது சாலையோரத்திலேயே விளக்கை அணைத்து நிறுத்துவார். இரவில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்கு அந்த லாரி ஒரு கறுப்புச் சுவர்.

தணிக்கைக் கணக்கர்:

ஓட்டுநர் ஐயா கேட்டது முக்கியமான நிதிக் கேள்வியும்கூட. அபராதத் தொகையைப் பாதுகாப்புக்கே திருப்பிவிடலாம் என்ற யோசனை எல்லாக் குழுவிலும் எழும். பிரிட்டன் அதைச் செய்துபார்த்திருக்கிறது. 2000இல் சோதனையாகத் தொடங்கிய திட்டத்தில், கேமரா வைத்து இயக்கும் செலவை உள்ளூர்க் கூட்டமைப்புகள் அபராதத் தொகையிலிருந்தே ஈடுகட்டிக்கொள்ளலாம். கடும் விபத்துகளின் வரலாறு உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. அப்படியும் இது பணம் பறிக்கும் வேலை என்ற பேச்சு ஓயவில்லை. 2007இல் அந்த ஏற்பாட்டை முடித்து, கேமராவுக்கு மட்டும் என்றில்லாமல் பொதுவான பாதுகாப்பு மானியமாக மாற்றிவிட்டார்கள்.

இதில் எனக்குத் தெரியும் பாடம் கணக்குப் பாடம்தான். கேமரா நன்றாக வேலை செய்தால் அபராதம் குறையும், குறைய வேண்டும். அப்படிக் குறையும் வருவாயை நம்பி நிரந்தரச் சம்பளமோ பராமரிப்போ வைத்தால், மக்கள் தவறு செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அந்த அமைப்பு உள்ளூர வேண்டிக்கொள்ளும். அபராதப் பணத்தை ஒருமுறைச் செலவுகளுக்கு, அதாவது ஓட்டுநர் ஐயா கேட்ட ஓய்வுத் தளம் போன்றவற்றுக்கு, வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வேண்டிய பணம், ஆண்டுதோறும் வரும் ஊற்றிலிருந்தே வரவேண்டும்: வாகனப் பதிவுக் கட்டணம், எரிபொருள் வரி, காப்பீட்டுப் பங்கு, அல்லது சாலைப் பணி ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் கட்டாயமாக ஒதுக்கப்படும் ஒரு விழுக்காடு.

வரைவாளர்:

பதில்கள் அனைத்துக்கும் நன்றி. மருத்துவர் அம்மா சொன்னபடி சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். கணக்கர் ஐயாவின் கடைசி வரியைப் பற்றிப் பொறியாளர் ஐயா கூடுதலாகச் சொல்ல முடியுமா? எங்களிடம் புதிய சாலைப் பணிகளுக்கும் பராமரிப்புக்கும் தனித்தனி நிதி உண்டு. பாதுகாப்பு நிதி மூன்றாவதாக வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பழைய பொறியாளர்:

அந்த மூன்றாவது நாற்காலிதான் சிக்கலே. பாதுகாப்புக்கு என்று தனி நிதி வந்த நாளிலிருந்து மற்ற இரண்டு நிதிகளும் 'அது நம் வேலை இல்லை' என்று கையைக் கழுவிக்கொள்ளும்.

மேலடுக்குத் தார் போடும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளமும் மேடுமாக இருந்த சாலை வழுவழுப்பாகிறது. வேகம் உடனே கூடுகிறது. அதே ஒப்பந்தத்தில் ஓரக்கோடும், பிரதிபலிப்பான்களும், மேடுயர்த்திய கடவைகளும் இருந்தால், இயந்திரமும் ஆளும் ஏற்கெனவே அங்கே நிற்பதால் கூடுதல் செலவு சிறிது. ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்பு நிதியில் தனி ஒப்பந்தப்புள்ளி கோரி, போக்குவரத்தை மீண்டும் மறித்து, புதுத் தாரை வெட்டிச் செய்தால் செலவு பன்மடங்கு. நானே ஒரு சாலையில் கோடு போடும் வேலைக்கு ஆணை வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது, முந்தைய வாரம்தான் குடிநீர்க் குழாய்க்காக அந்தச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். மண்மேட்டின் மீது கோடு போடச் சொல்லி ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆகவே உங்கள் சிறப்பு நிதியில் ஒரு பகுதியை வைத்துப் பாதுகாப்புத் தணிக்கையாளர் ஒருவரை நியமித்து, எல்லாச் சாலைப் பணிகளின் வரைபடமும் அவர் கையொப்பம் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளிக்குப் போகக்கூடாது என்று விதி செய்யுங்கள். வரைபடத்தில் அழிப்பானால் திருத்துவதை, கான்கிரீட் காய்ந்தபின் உடைத்துத் திருத்துவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பராமரிப்புக்கும் இதே கதிதான். கோடு தேய்கிறது, பலகை வெளிறுகிறது, மோதி வளைந்த தடுப்பு வளைந்தபடியே கிடக்கிறது. வளைந்த தடுப்பு அடுத்த வண்டியைத் தாங்காது. சில நேரம் அதன் முனையே வண்டிக்குள் ஈட்டி போலப் பாய்ந்துவிடும். ஒருமுறை நிதியில் எதை நிறுவினாலும், அதைப் பராமரிக்கும் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று எழுத முடியாவிட்டால், அதை நிறுவவே வேண்டாம். சிக்னலுக்கு மின்சாரம், பழுதுபார்ப்பு, நேர அளவுத் திருத்தம் என்று செலவு தொடர்ந்துகொண்டே போகும். ரவுண்டானாவுக்கு அவ்வளவு இல்லை. நான்குமுனைச் சந்திப்பில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32. ஒற்றைத்தட ரவுண்டானாவில் 8. இடமும் போக்குவரத்தும் ஒத்துவந்தால் உங்கள் இரண்டு சிக்னல்களில் ஒன்றையாவது அப்படி மாற்ற முடியுமா என்று பாருங்கள். பாதசாரி மிகுந்த இடமென்றால் கடவையை வளைவிலிருந்து ஒரு கார் நீளம் தள்ளி வைக்க மறக்காதீர்கள்.

புள்ளியியல் மாணவி:

மூன்றே ஆண்டில் இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது, எண்ணிக்கை சிறியது. வேகத்தை அளவிடுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும், நெரிசல் இல்லாத நேரத்தில், எத்தனை விழுக்காடு வண்டிகள் வரம்பைத் தாண்டுகின்றன என்று பாருங்கள். ஹெல்மெட் அணிவோரின் விகிதத்தையும் தெருவில் நின்று எண்ணுங்கள். ஹெல்மெட் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. எனவே அணிவோர் கூடினால் பலன் பின்னே வரும்.

வேலை முடிந்த மறுவாரமே அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடப்புறப் போக்குவரத்திலிருந்து வலப்புறத்துக்கு ஒரே நாளில் மாறியது. குழப்பத்தில் விபத்து பெருகும் என்று அஞ்சினார்கள். மாறாக, எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதால் குறைந்தது. பழகியதும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. புதுமையின் பலனை வேலையின் பலனாக எழுதிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

சைக்கிள்காரர்:

இலக்கு எட்டவே முடியாதது என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், 2019இல் ஹெல்சிங்கியில் பாதசாரி ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை என்பதையும், அதே ஆண்டு ஓஸ்லோவில் பாதசாரியோ சைக்கிளோட்டியோ ஒருவரும் இறக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். அவை பணக்கார நகரங்கள் என்பார்கள். உண்மைதான், உலகின் சாலை மரணங்களில் 92 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கிறது. ஆனால் அந்நகரங்களில் முதன்மையாக வேலை செய்தது 30 கிலோமீட்டர் வேக வரம்பும், குறுக்கிய தெருக்களும், வண்டி நிறுத்துமிடங்களை அகற்றியதும். இவற்றுள் எதுவும் மேம்பாலம் அளவுக்குச் செலவு பிடிப்பதில்லை.

வரைவாளர்:

நேற்றுக் குழுவில் திருத்திய வரைவை வைத்தேன். நிதியின் ஒரு பகுதி தரவுக்கும் திட்டமிடலுக்கும் ஒப்பீட்டு அளவீட்டுக்கும் என முதலிலேயே ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் ஐந்தாண்டுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கிய தெருப் பாதுகாப்புத் திட்டத்திலும், செயல்திட்டம் தயாரிக்கத் தனி மானியம், அது இருந்தால்தான் கட்டுமான மானியம் என்று இருப்பதைச் சுட்டிக்காட்டியது எதிர்ப்பைத் தணித்தது. 14 புள்ளிகளில் ஐந்தாண்டுத் தரவிலும் நேரடி ஆய்விலும் நிலைத்தவை ஆறு. மற்றவற்றுக்குப் பதிலாகப் பள்ளிகளின் முன்னால் உள்ள சாலைகளை வகையாக எடுத்திருக்கிறோம். தணிக்கையாளர் கையொப்ப விதி நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு நிறைவேறியது. கேமரா, பலகை தெளிவாகத் தெரியும் நான்கு இடங்களில் மட்டும். அபராதப் பணம் ஓய்வுத் தளத்துக்கு.

நடைமேம்பாலத்தை நீக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி, அதற்குமுன் அந்த இடத்தில் கடப்போரை எண்ணிப் பார்ப்பது என்று மட்டும் இசைந்தார்கள். அறுபட்ட கம்பியின் கதையைச் சொன்னபோது இருவர் சிரித்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டார். வரைவை இங்கே இணைத்திருக்கிறேன்.

தணிக்கைக் கணக்கர்:

படித்தேன். நல்ல வேலை. ஏழாவது பக்க அட்டவணையில் 'நான்காம் ஆண்டு முதல் பராமரிப்பு' என்ற பத்தியில் மேடுயர்த்திய கடவைகளுக்குப் பொதுப் பராமரிப்புத் தலைப்பு எழுதியிருக்கிறீர்கள், சரி. கேமராவுக்கும் ஓய்வுத் தள விளக்குகளுக்கும் எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பாமல் அனுப்பினால் நிதிப்பிரிவில் இருப்பவர் 'பின்னர் முடிவு செய்யப்படும்' என்று தானே எழுதிவிடுவார். நானும் அந்த இருக்கையில் உட்கார்ந்து பலமுறை அப்படி எழுதியவன்தான்.

லாரி ஓட்டுநர்:

ஓய்வுத் தளத்தின் வரைபடத்தையும் பார்த்தேன். நுழைவு வளைவு காருக்கு வரைந்ததுபோல் இருக்கிறது. பன்னிரண்டு சக்கர வண்டி அதில் திரும்ப வேண்டுமென்றால் எதிர்த்தடத்தில் ஏறித்தான் திரும்ப வேண்டும். பொறியாளர் ஐயாவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் அம்மா.